தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த டிஷ்

தெருவில் எல்லாரும் அவரை பிரேக் என்றுதான் சொல்வார்கள். லாரி ஓட்டினவர் என்பதால் வந்த பெயர் என்று புதிதாகக் குடி வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். காரணம் அது இல்லை. யார் எதைச் சொல்ல வந்தாலும் உள்ளங்கையைக் காட்டி, "இரு, இரு. நீ பார்த்தியா?" என்று கேட்பார். பார்த்தேன் என்றால், "உன் கண்ணு சரியா இருக்குன்னு யாரு பார்த்தா?" என்பார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மருந்துக் கடைக்காரனிடம் காட்டிச் சரிபார்ப்பார். மருந்துக் கடைக்காரன் சொன்னதை அடுத்த தெரு மருந்துக் கடையில் போய்ச் சரிபார்ப்பார். மாத்திரையை விழுங்கின பிறகு, அது உள்ளே போய் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள வழியில்லையே என்பதுதான் அவருக்குக் குறை.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலையில் டீயைக் குடித்த கையோடு ஸ்பேனர், சுத்தியல், ஒரு துண்டுக் குழாய் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார். கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓர் இரும்புக் கம்பத்தில் டிஷ் நின்றது. மாதா மாதம் காசு பிடுங்குகிற கேபிளை அவர் எப்போதோ அறுத்துப் போட்டாயிற்று. இது இலவசச் சேனல் டிஷ். ஒரு முறை வாங்கி மாட்டினால் போதும், அப்புறம் வானத்திலிருந்து சும்மா வரும் என்று விற்றவன் சொன்னான். சும்மா கொடுக்கிறவன் எங்கேயாவது ஓர் இடத்தில் கழுத்தைப் பிடிப்பான் என்று அவர் காத்துக்கொண்டே இருந்தார். யாரும் பிடிக்க வரவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் பெரிதாகிவிட்டது.

டிஷ்ஷை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். சாட்டிலைட் வானத்தில் இருக்கிறது. இதைச் சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். இந்தத் தட்டு பார்த்துக்கொண்டு இருப்பதோ எதிர்வீட்டுத் தையல்காரரின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை.

"பார்த்தியா அநியாயத்தை!" என்று மாடியிலிருந்து பெண்டாட்டியைக் கூப்பிட்டார். "வானத்தைப் பார்க்க வேண்டியது தையக்காரன் தொட்டியில தண்ணி ரொம்பிருச்சான்னு பார்த்துக்கிட்டு நிக்குது!"

"படம் நல்லாத்தானே வருது?" என்று கீழே துணி அலசிக்கொண்டிருந்த அவள் கேட்டாள்.

"போன வாரம் மழையில கட்டம் கட்டமா உடைஞ்சு போச்சே, அது நல்லா வர்றதா?"

"மழையில எல்லார் வீட்டுலயும்தான் உடையுது. இன்னைக்கு வெயில் அடிக்குது. அதைத் தொட வேண்டாங்க. இன்னைக்கு மட்டுமாவது தொடாதீங்க."

இன்றைக்கு என்பதனால்தான் அவர் தொடப் போனார். சீரியலில் வருகிற ஏதோ ஓர் ஊர் ராணி முகம் கட்டம் கட்டமாக உடைந்தால் உடைந்துவிட்டுப் போகட்டும். பெற்ற மகள் முகம் உடையக் கூடாது.

ஒரே மகள். வேறு ஊரில் காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் டீச்சர். கையால் பேசுகிற பாஷையைப் படித்துத் தேர்ந்தவள். போன வாரம் போன் செய்தாள்.

"அப்பா, நான் டிவில வரப் போறேன்."

"நீயா? எதுக்கு?"

"நியூஸ் வாசிக்கிறப்போ ஓரத்துல ஒரு வட்டம் வரும்ல, அதுல நின்னு கையால சொல்லணும். காது கேக்காதவங்களுக்கு."

"வாய் நல்லா இருக்கிறவளுக்கு எதுக்குடி கையால பேசுற உத்தியோகம்? யாரோ உன் காதுல பூ சுத்துறான். டிவில வர்றதுக்கு எத்தனை பேரு தவம் கிடக்கிறான், உன்னைத் தேடி வந்து கூப்பிட்டானாக்கும்!"

"பரீட்சை வச்சு எடுத்தாங்கப்பா."

"வச்சிருப்பான், வச்சிருப்பான். கண்ணால பார்த்தாத்தான் நம்புவேன்."

அப்புறம் சொன்னாள். "சரி. செவ்வாய்க்கிழமை நாலு மணி நியூஸ். பாருங்க. பார்க்கலன்னா இனிமே என் வேலையைப் பத்தி ஒரு வார்த்தை உங்ககிட்ட பேச மாட்டேன். நீங்களும் கேக்க வேண்டாம்."

போனை வைத்துவிட்டாள். அவள் அப்படி வைக்கிற பெண் இல்லை. என்ன ஆயிற்று என்று பெண்டாட்டி கேட்டதற்கு, "லைன் சரியில்ல" என்றார். சொன்ன பிறகு ராத்திரிச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை.

ஆகவே டிஷ்ஷை வானத்தைப் பார்க்க வைத்துவிடுவது என்று கிளம்பினார். பின்புறத்து நட்டு துருப்பிடித்துக் கிடந்தது. ஸ்பேனர் வழுக்கியது. ஸ்பேனரில் குழாயைச் செருகி ஏறி அமுக்கினார். கிறீச் என்று ஒரு சத்தம். கழன்றது. தட்டை நிமிர்த்தி, நாலு காக்கை சேர்ந்து குளிக்கலாம் என்கிற மாதிரி வானத்தைப் பார்க்க வைத்து, நட்டைத் திருப்பித் திருகினார். அது திருகத் திருகச் சுற்றிக்கொண்டே இருந்தது. மரை தேய்ந்துவிட்டது. வெளிநாட்டுச் சரக்கு என்று தலையில் கட்டினான், இதுதான் சரக்கு என்று நினைத்துக்கொண்டார்.

கீழே வந்து பார்த்தால் டிவியில் நீலத் திரை. நடுவில் 'சிக்னல் இல்லை' என்று ஒரு வரி.

பெண்டாட்டி அந்த வரியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அலசின துணியைப் பிழிகிற மாதிரி முந்தானையைப் பிழிந்தாள். "சந்தோஷமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டிஷ் மாட்டினவனுக்குப் போன் போட்டார். அவன் பைக்கில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தான்.

"பெரியவரே, அதை எதுக்குத் தொட்டீங்க?"

"நீ ஒழுங்கா மாட்டியிருந்தா நான் எதுக்குய்யா தொடறேன்? தொட்டியைப் பார்க்க வச்சுட்டுப் போயிருக்கே."

"அது குனிஞ்ச மாதிரிதாங்க தெரியும். மேல இருந்து சரிஞ்சு வர்றது தட்டுல பட்டு, கீழ நீட்டிக்கிட்டு இருக்கிற மூக்குல விழும். அப்படித்தான் அதைச் செஞ்சிருக்கான். நீங்க நிமிர்த்திட்டீங்கன்னா ஒண்ணும் கிடைக்காது."

"அதாவது, மேல பார்க்கணும்னா கீழ பார்க்கணும்."

"ஆமாங்க!"

"யாருகிட்ட விடுறே? சரி, வந்து மாட்டிக் கொடு."

"ராத்திரி ஆயிருங்க. மறுபடியும் பழைய இடத்துக்கே கொண்டு வாங்க. மெதுவா, ரொம்ப மெதுவா."

போனை வைத்தார். தப்பு செய்தவன் எல்லாருக்கும் ஒரு விளக்கம் இருக்கும். ரோட்டில் குறுக்கே விழுந்து வருகிற சைக்கிள்காரனுக்குக் கூட ஒரு விளக்கம் இருக்கும். லாரி ஓட்டின காலத்தில் அவர் கேட்காத விளக்கமா?

வானத்தை நம்பி இன்னும் கொஞ்ச நேரம் போராடினார். நிமிர்த்தினார், இன்னும் நிமிர்த்தினார். வலது பக்கம் திருப்பினார், இடது பக்கம் திருப்பினார். வானத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது, அதில் ஒன்றுமே இல்லை. வெயில் உச்சிக்கு வந்தபோதுதான் தட்டின் பின்னால் இருந்த பட்டையைக் கவனித்தார். பட்டை முழுக்கத் துரு. ஓர் இடத்தில் மட்டும் நட்டு உட்கார்ந்திருந்த அச்சு, பிறை மாதிரி, துரு ஏறாமல் பளிச்சென்று இருந்தது. மாட்டினவன் சொன்னால் நம்ப மாட்டார். துரு சொன்னால் நம்பலாம், துருவுக்கு இவரை ஏமாற்றி என்ன ஆகப் போகிறது? நட்டை அந்தப் பிறையில் கொண்டு வந்து நிறுத்தினார். தட்டு மறுபடியும் தையல்காரர் வீட்டுத் தொட்டியைப் பார்த்தது. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் விட்டுவிட்டார்.

மேலும் கீழும் தீர்ந்தது. இனி பக்கவாட்டில் திருப்பித் தேட வேண்டும். அதற்குக் கீழே டிவி முன்னால் ஓர் ஆள் வேண்டும்.

"ஏய், வந்து டிவி முன்னால உக்காரு. கோடு வந்தா சத்தம் போடு!"

அவள் வந்து உட்கார்ந்தாள். திரையில் சிக்னலைக் காட்டுகிற இரண்டு கோடுகள். மேல் கோடு எப்போதும் பாதிக்கு நிற்கும், அதனால் பிரயோசனம் இல்லை. கீழ் கோடு பச்சையாக நீண்டால்தான் படம் வரும்.

"மேல் கோடு இருக்கு, கீழ் கோடு காலி!" என்று கத்தினாள்.

அவருக்கு லாரியில் எஞ்சின் பக்கம் இருந்த காது அரைவாசிதான் கேட்கும். அதை அவர் ஒத்துக்கொள்வது இல்லை. இப்போதெல்லாம் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்பார். மகள் அவர் காதுக்கு ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தாள். ஒரு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு, "காதுக்குள்ள எவனோ உக்காந்து பேசுறான், அவன் சொல்றது உண்மைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று பெட்டியோடு அலமாரியில் வைத்துவிட்டார்.

தட்டைத் தள்ளினார். கீழே ஏதோ சத்தம்.

"என்ன?"

"வந்துச்சு! வந்துச்சுங்க!"

நட்டைத்தான் இறுக்க முடியாதே, தட்டை அப்படியே விட்டுவிட்டுத் தடதடவென்று படியில் இறங்கினார். திரையில் நீலம். சிக்னல் இல்லை.

"எங்கேடி வந்துச்சு?"

"இப்பத்தாங்க. கீழ் கோடு முக்கால்வாசி ஓடுச்சு. ஒருத்தன் சமையல் பண்ணிக்கிட்டு இருந்தான்."

"எவன்?"

"எனக்கென்ன தெரியும்? வெள்ளைத் தொப்பிக்காரன். வெங்காயம் நறுக்கினான்."

"அதுக்குள்ள எங்கே போயிட்டான்?"

"அவனைத்தான் கேக்கணும்."

மேலே போனார். தள்ளினார். மறுபடியும் சத்தம். மறுபடியும் இறங்கி வந்தார். மறுபடியும் நீலம். இந்தத் தடவை பந்து விளையாடிக்கொண்டு இருந்தார்களாம்.

"எந்தக் கலர் சட்டை போட்டிருந்தான்?" என்று திடீரென்று கேட்டார்.

"யாரு?"

"பந்து விளையாடினவன். நீ நிஜமாவே பார்த்திருந்தா சொல்லு."

அவள் ரிமோட்டைக் கீழே வைத்தாள். "கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் ஆச்சு, உங்களுக்குப் போட்ட சோத்துல ஒரு நாளாவது கல்லு கிடந்திருக்கா? கோடு வந்துச்சுன்னு பொய் சொல்லி எனக்கு என்ன கிடைக்கப் போகுது? அவ எனக்கும் பொண்ணுதானே!"

"பொய் சொன்னேன்னு நான் சொன்னேனா? இல்லாததைப் பார்க்கிறே. வயசாச்சு."

"எனக்கு வயசாச்சு. உங்களுக்கு இப்பத்தான் மீசை முளைக்குது." அவள் எழுந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இப்பவே மணி மூணு. மூணரை வரைக்கும் பார்ப்பேன். வரலன்னா நான் தையக்காரர் வீட்டுக்குப் போயிருவேன். அவங்க வீட்டுல கேபிள் இருக்கு."

"போ! நாம பெத்த பொண்ணை அடுத்தவன் வீட்டுப் பாயில உக்காந்து பாரு. அந்தத் துணி திருடன் வீட்டுல."

கால்சட்டை தைக்கக் கொடுத்த துணியில் ஒரு துண்டைத் தையல்காரர் உருவிக்கொண்டார் என்பது பிரேக்கின் பழைய வழக்கு. தையல்காரர் கால்சட்டையைப் பிரித்து மேஜையில் விரித்து அளந்து காட்டினார். அளக்கிற டேப் யாருடையது என்று இவர் கேட்டார். அதோடு பேச்சு வார்த்தை நின்றது.

மூன்றரை ஆகப் போகிறது. எத்தனை தடவை ஏறி இறங்கினார் என்று அவருடைய முழங்காலுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் அவள் வந்துச்சு என்கிறாள், ஒவ்வொரு தடவையும் இவர் வருவதற்குள் போய்விடுகிறது. சாட்டிலைட்டுக்கும் பெண்டாட்டிக்கும் ஏதோ உள்ளுக்குள் பேச்சு இருக்கிறது, இரண்டும் சேர்ந்துகொண்டு இவரைப் படிக்கட்டில் ஓட விட்டு வேடிக்கை பார்க்கின்றன என்று கூடத் தோன்றியது. மறுபடியும் இறங்கப் படியில் கால் வைத்தபோது எதிர் மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணே! இறங்காதீங்கண்ணே!"

தையல்காரர் மாடி ஜன்னல் ஓரம் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பல்லில் நூல்.

"உனக்கு என்னய்யா இதுல?"

"நீங்க அந்தாண்ட திரும்பினதும் அது தலையைக் குனியுது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். நீங்க ஒரு படி இறங்கினா அது ஒரு பங்கு இறங்குது. காலையில இருந்து பார்த்துக்கிட்டு இருக்கேன்."

பிரேக் திரும்பினார். நெஞ்சு உயரத்தில் விட்டுவிட்டு வந்த தட்டின் மேல் விளிம்பு இப்போது வயிற்று உயரத்தில் இருந்தது. திருடன் மாதிரி, மெதுவாக, இன்னும் சரிந்துகொண்டு இருந்தது. மரை தேய்ந்த நட்டு பிடிக்கவில்லை. இவர் கையை எடுத்தால் கொஞ்ச நேரம் யோசிக்கிறது, அப்புறம் குனிந்துவிடுகிறது. வெங்காயம் நறுக்கினவன் வந்தது நிஜம். பந்து விளையாடினவனும் நிஜம். ஒவ்வொரு தடவையும் சரியாகக் கிடைத்ததை, சரிதானா என்று பார்க்கப் போயே இவர் தொலைத்திருக்கிறார்.

அதை ஒத்துக்கொள்கிற ஆளா?

"காலையில இருந்து பார்த்தியே, வாயில என்ன கொழுக்கட்டையா? அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நம்பியா இருக்கப் போறீங்க?"

தையல்காரர் நூலைத் துப்பிவிட்டு எழுந்தார். தெருவைத் தாண்டி, கேட்காமலே உள்ளே வந்து, மாடி ஏறிவிட்டார். தோளில் டேப் தொங்கியது.

"கயித்தால இழுத்துக் கட்டுவோமாண்ணே?"

"கயிறு தொய்யும். தொய்ஞ்சா ஒரு விரல்கடை நகரும். நகர்ந்தா போச்சு. இனிமே கட்டி அவுத்து விளையாட நேரம் இல்ல. நான் பிடிச்சுக்கிறேன்."

இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துப் பிறைக்கு நேரே நட்டு வருகிற மாதிரி தூக்கி நிறுத்தினார். பெண்டாட்டி கீழிருந்து ஏதோ கத்தினாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போட்டான். குர்ர்ர் என்று அது ஒரு பாட்டம் அழ ஆரம்பித்தது. அவள் குரல் அதில் முழுகிவிட்டது.

"என்ன? என்ன சொல்றே?"

அவள் வாசலுக்கு வந்துவிட்டாள். டிவி கதவுக்கு நேரே இருக்கிறது. வாசலில் நின்றால் திரையும் தெரியும், மாடியும் தெரியும். கத்திப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு உள்ளே ஒரு கண், மேலே ஒரு கண் வைத்துக்கொண்டு, வலது கையை உயர்த்தி விரல்களை ஆட்டினாள். வா. வா. கொஞ்சம் வா.

அவர் தள்ளினார்.

வா. இன்னும் வா. மெதுவா.

அந்தக் கை அவருக்குத் தெரியும். மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில், அவர் லாரியை இந்தச் சந்துக்குள் பின்னால் எடுக்கும்போது, வாசல் கல்லில் ஏறி நின்று இப்படித்தான் கை காட்டுவாள். கூட வருகிற கிளீனர் தொண்டை கிழியக் கத்தினாலும் நம்பாமல் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர், கண்ணாடியில் அந்தச் சின்னக் கையை மட்டும் பார்த்துக்கொண்டு கடைசி வரை எடுப்பார். சுவரை ஒரு தடவை கூட இடித்தது இல்லை. அவள் ஆத்தாளும் அதை வாசலில் நின்று பார்த்தவள்தானே.

உள்ளங்கை விரிந்தது. நில்.

நின்றார். மூச்சைக் கூட இழுக்கவில்லை. டிவியோடு இணைத்த பாக்ஸ் யோசித்து முடிக்கிற வரை அவள் உள்ளங்கையை இறக்கவில்லை. அப்புறம் இரண்டு கையையும் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். வந்துவிட்டது. கீழே போய்ப் பார்க்க வேண்டும் என்று கால் துடித்தது. காலுக்கு ஒரு பிரேக் போட்டார்.

"வந்துருச்சாம்ணே," என்று தையல்காரர் காதருகே சொன்னார்.

"எனக்குக் கண்ணு இருக்கு."

"மணி நாலாகப் போகுது. குடுங்க, நான் பிடிச்சுக்கிறேன். நீங்க போய்ப் பொண்ணைப் பாருங்க."

பிரேக் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒட்டின கன்னம், ஊசி மாதிரி விரல், காலையிலிருந்து டீ மட்டும் குடித்த மாதிரி ஓர் உடம்பு. இந்தக் கையில் தட்டைக் கொடுத்தால் கொசு உட்கார்ந்தால் கூட ஆடும். வட்டத்துக்குள் மகள் வந்து நிற்கிற நேரம் பார்த்து இவனுக்குத் தும்மல் வரும். அவள் முகம் கட்டம் கட்டமாக உடையும்.

"உன் கையை நம்பி கால்சட்டைத் துணியைக் கொடுத்தே பட்டவன் நான். இதையா கொடுப்பேன்? போ, கீழ போய் உக்காரு. அவ தனியா இருக்கா."

"அண்ணே, அப்புறம் நீங்க எப்படிப் பார்ப்பீங்க?"

"போய்யான்னா!"

தையல்காரர் போய்விட்டார். மோட்டார் நின்றது. செய்தி ஆரம்பிக்கிற அந்தத் தம்பட்டச் சத்தம் படிக்கட்டு வழியாக மேலே வந்தது. இவருக்குத் தெரிவது ஒரு தட்டின் முதுகு. சாம்பல் நிறப் பெயின்ட். அதில் ஒரு காக்கை எச்சம். உலகத்தில் எந்தச் சேனலும் காட்டாத படம்.

"வந்துட்டா! என்னங்க, வந்துட்டா!" என்று கீழே அலறல்.

"எங்கே?"

"வட்டத்துல! ஓரத்துல!"

"அண்ணே, உங்க மூக்கு அப்படியே இருக்குண்ணே!" இது தையல்காரர்.

"மூக்கைப் பார்க்கிறதுக்கா அவளை நிக்க வச்சிருக்கான்? கை எப்படி ஆடுது? அதைச் சொல்லுங்க!"

"வேகமா ஆடுது! நியூஸ் வாசிக்கிறவனுக்கு முன்னாடியே இவ முடிச்சுருவா போல!"

தோள்பட்டையில் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. இவனுகளைப் பார், என்று டிவிக்காரர்களை வைதார். ஒரு மனுஷியைக் கூப்பிட்டு இவ்வளவு வேலை வாங்குகிறவன், அவளை ஒரு வட்டத்துக்குள், தபால் தலை அளவுக்கா காட்டுவான்? கோட்டு போட்டவன் எழுதி வைத்ததை வாசிக்கிறான், அவனுக்குத் திரை பூராவும். வேலை செய்கிறவளுக்கு ஓரம்.

"என்ன சட்டை போட்டிருக்கா?"

"கறுப்பு!"

"கறுப்பா? வேற துணியே கிடைக்கலையா? அவ நிறத்துக்கு அது எடுக்காதே!"

"கை தெரியணும்னு அப்படித்தான் போடுவாங்களாம்ணே!"

"உன்னைக் கேட்டேனா?"

பெண்டாட்டி வாசலுக்கு ஓடி வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். தட்டுக்குப் பின்னால் சிலுவையில் அறைந்த மாதிரி நிற்கிற மனுஷனைப் பார்த்தாள். கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, மேலே திரும்பி, கையை ஆட்ட ஆரம்பித்தாள்.

இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துப் பிரித்தாள். ஒரு விரலால் காற்றில் கோடு இழுத்தாள். நெற்றியைத் தொட்டுக் கையை விரித்தாள். மறுபடியும் உள்ளே பார்த்தாள், மறுபடியும் செய்தாள். உள்ளே மகள் செய்வதைப் பார்த்து அப்படியே மேலே அனுப்பிக்கொண்டு இருந்தாள். பாதியைத் தப்பாகத்தான் செய்திருப்பாள். சோறு பிசைகிற மாதிரி ஒன்று. ஈ ஓட்டுகிற மாதிரி ஒன்று.

"என்னடி அது, மாவு பிசையறியா?" என்றார்.

அவள் நிறுத்தவில்லை.

ஒரு மண்ணும் புரியவில்லை. எந்த நாட்டில் யார் செத்தான், எந்த மந்திரி எந்த ரிப்பனை வெட்டினான், எதுவும் புரியவில்லை. ஆனால் அவர் அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இமைத்தால் ஒன்று போய்விடுமே என்று வேர்வையோடு விழித்துக்கொண்டு நின்றார். இடையில் ஒரு தடவை அவள் வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்து, நிறுத்தினாள். அது மகளுடையதா, இல்லை தட்டை ஆட்டாதே என்று இவளே சொன்னதா தெரியவில்லை. எதற்கும் அசையாமல் நின்றார்.

செய்தி முடிந்தது. தம்பட்டச் சத்தம் மறுபடியும் வந்தது.

"விடுங்க, முடிஞ்சுருச்சு!" என்றாள் கீழிருந்து.

"என்ன சொன்னானாம் நியூஸ்ல?"

"யாருக்குத் தெரியும்? நான் அவ கையைத்தானே பார்த்தேன்!"

கையை எடுக்க வரவில்லை. விரல்கள் தட்டோடு ஒட்டிப்போய் மடங்கிக் கிடந்தன. தையல்காரர் போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி வந்தார். "பொண்ணு பேசுது!" என்று இவருடைய காதில் வைத்தார். கேட்காத காதில் வைத்தார். "இந்தப் பக்கம்யா!" என்று தலையைத் திருப்பிக்கொண்டார்.

"அப்பா." அவள் குரலில் இன்னும் அந்தப் போன வாரத்து முறைப்பு இருந்தது. "பார்த்தீங்களா?"

தையல்காரர் நிற்கிறார். படியேறி மூச்சு வாங்க வந்த பெண்டாட்டியும் நிற்கிறாள். இரண்டு பேரும் இவர் வாயையே பார்க்கிறார்கள். கண்ணால் பார்த்ததைத் தவிர வேறு எதையும் ஒத்துக்கொள்ளாத வாய்.

"பார்த்தேன்," என்றார்.

"நிஜமா?"

"அந்தக் கறுப்புச் சட்டை உனக்கு எடுக்கல. மத்தபடி கை பரவாயில்ல. உன் பக்கத்துல கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தன் உளறினானே, அவனைக் கொஞ்சம் மெதுவா வாசிக்கச் சொல்லு. உனக்குக் கை வலிக்கப் போகுது."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. அழுகிற மாதிரியும் இருந்தது. இந்தக் காதில் அவ்வளவு நுட்பமெல்லாம் விழாது.

"மறுபடியும் ஆறு மணிக்கு இருக்குப்பா. அதுலயும் நான்தான்."

"சரி சரி. போய்த் தண்ணி குடி."

போன் அணைந்தது. பெண்டாட்டி முந்தானையால் அவர் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். "கூசாம பொய் சொல்றீங்களே," என்றாள்.

"நீ பார்த்ததைத்தானே சொன்னேன்? உன் கண்ணு சரியில்லையா என்ன?"

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவர் தட்டிலிருந்து ஒரு கையை எடுத்து உதறினார். தட்டு உடனே தலை சாய்க்கப் பார்த்தது. சட்டென்று பிடித்துக்கொண்டார். எதிரே தண்ணீர்த் தொட்டி. பக்கத்தில் டேப்பைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தையல்காரர், அந்த ஊசி விரல்களோடு. பிரேக் அந்த விரல்களை நெடுநேரம் பார்த்தார்.

"யோவ் தையக்காரா," என்றார். "உன் கை ரொம்ப ஆடுமோ?"